தேய்க்கக் கூடாத கண்

மகேனின் கண்ணுக்கு லேசர் செய்த நாளிலிருந்து தூக்கம் போனது என்னவோ அவன் மனைவி வசுமதிக்குத்தான்.

மகேன் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். மலைப் பாதையில் பனி இறங்கினால் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் வளைவு திரும்புவான். அந்தத் தொல்லை ஒழியட்டும் என்றுதான் ஈப்போ டவுனுக்குப் போய் லேசர் செய்துகொண்டான். கருவிழி ஆறும்வரை தூசி படக் கூடாது, கண்ணைத் தேய்த்தால் பார்வையே கெட்டுப்போகலாம் என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் நன்றாகத் தலையாட்டினான். நினைவில் வைத்துக்கொண்டவள் வசுமதிதான்.

அவனுக்குக் கை சும்மா இருக்காது. விழித்திருந்தாலாவது அதட்டலாம். தூக்கத்தில், கண்ணுக்கு மூடி ஒட்டியிருந்தும், கை தானாக மேலே போகும். அந்தக் கையைப் பிடித்தபடியே விடியும்வரை அரைத்தூக்கம் தூங்கினாள். பகலெல்லாம் மலையில் கொழுந்து வெட்டு. வீட்டுக்கு வந்தால் சமையல், சொட்டு மருந்து. வெங்காயத்தைக்கூட வெளியே குழாயடியில் உட்கார்ந்துதான் நறுக்கினாள். புருஷனை அடைகாக்கிறாள் என்று பக்கத்து வீட்டு சசிரேகா கேலி செய்தபோது சிரிக்கவும் தெம்பில்லை.

அன்று காலை, தான் வேலைக்குக் கிளம்புமுன் அவன் கண் மூடியைக் கழற்றி மருந்து விட்டாள். பிறகு, வழக்கம்போலத் திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். அவள் கண்ணே பாதி சொருகியிருந்தது. கையால் அவன் கண்ணை மறைக்க மறந்து, ஊதிவிட்டாள்.

திருநீறு கண்ணில் விழ, அவன் முனகிக்கொண்டு கையைத் தூக்கினான். அவள் பாய்ந்து இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்தாள்.

"தேய்க்காதீங்க. சாமி சத்தியமா தேய்க்காதீங்க."

சசிரேகாவின் காரில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் மணிக்கட்டை அவள் விடவில்லை. ஊர்த் தூசியையெல்லாம் விரட்டிவிட்டு, கடைசியில் தானே வாரி ஊதியதை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அங்கே கண்ணைக் கழுவி, விளக்கடித்துப் பார்த்த டாக்டர், கருவிழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். இன்னும் ஒரு வாரம் இதே கவனம் வேண்டும் என்றும் சொன்னார். அவள் காதில் அந்த ஒரு வாரம் மட்டும்தான் விழுந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள்.

"என்னால முடியலங்க. எனக்குத் தூங்கணும்."

மகேன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அவளையே பார்த்தான்.

"இப்பதான் உன் மூஞ்சி சரியாத் தெரியுது," என்றான். "தூங்கு லா. என் கைய நான் பாத்துக்கிறேன்."

இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அவள் நம்பவில்லை. ஆனாலும் தூங்கிவிட்டாள்.