ஆனி மாதத்து மந்தம்

…எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபத்து மூன்று, நடுவில் ஓர் அறுபது வேறு. அறுபது என்றால் சோற்றை எடுத்துத் தன் வாயில் வைக்கத் தெரியாத பிள்ளை என்றல்லவா அறிவுச் சோதனைப் புத்தகம் சொல்லுகிறது, ஆனால் அந்த அறுபது வாங்கின தளவாய், போன வாரம் பள்ளிக்கூடத்துச் சாவி தொலைந்தபோது குடைக்கம்பியை வளைத்துப் பூட்டைத் திறந்துவிட்டு, யாரும் கேட்காமலே திரும்பப் பூட்டியும் காட்டினவன்… அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது, பூட்டுக்குப் புத்தகத்தில் கட்டம் இல்லையே. ஆவுடைநாயகம் சார்வாள் குற்றாலத்தில் ஒரு விடுதி அறையில், கால் ஆடுகிற மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து தாளை மறுபடியும் மேலிருந்து கீழாகப் பார்த்தார், பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தார், எப்படிப் பார்த்தாலும் கூட்டுத்தொகை மாறவில்லை. மாசி பங்குனியில் சோதித்த இருபத்தேழு பிள்ளைகளுக்குச் சராசரி நூற்று நான்கு. ஆனி பிறந்த பிறகு சோதித்த பன்னிரண்டு பேருக்குச் சராசரி எழுபது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெருக்கள், ஒரே கிணற்றுத் தண்ணீர், பன்னிரண்டில் மூன்று பேர் முன்னால் தேறினவர்களின் கூடப் பிறந்தவர்கள், அண்ணன் நூற்றுப் பத்து, தம்பி அறுபத்தொன்பது, ஒரே தாய் வயிற்றில் நாற்பத்தொன்று எங்கே போயிற்று, குற்றாலத்து ஆற்றோடு போயிற்றா? இதில் கோபம் யார் மேல் படுவது என்றும் தெரியவில்லை, பிள்ளைகள் மேல் படலாமென்றால் அவர்கள் வாயைத் திறக்காமல் முழிக்கிறார்கள், முழிக்கிறவர்கள் மேல் எவ்வளவு நேரம் கோபப்படுவது.

எழுத்துச் சோதனையாக இருந்தால் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது, வீட்டில் படித்தவர் இருப்பது, விளக்கெண்ணெய் எரிக்க வசதி என்று ஆயிரம் சாக்கு. இது அப்படி இல்லை, இது கையால் செய்து காட்டுகிற சோதனை, படிப்பு வேண்டாம், பாஷை வேண்டாம், பதின்மூன்று பதினாலு வயசுப் பிள்ளைக்குக் கையும் கண்ணும் இருந்தால் போதும். கையகலத் தட்டு ஒன்று, அதற்குள் சிவப்பும் நீலமுமாகப் பலகைச் சில்லுகள், ஓர் இடம் மட்டும் காலி. சில்லைத் தூக்கக் கூடாது, காலி இடத்துக்குள் தள்ளித் தள்ளியே சிவப்பைச் சிவப்புக் கரைக்கும் நீலத்தை நீலக் கரைக்கும் கொண்டு சேர்க்க வேண்டும், எத்தனை நொடி என்று கடிகாரம் சொல்லும், நொடியைக் கொண்டு அறிவு எத்தனை என்று பட்டியல் சொல்லும், வாத்தியார் எதுவும் சொல்லக் கூடாது. அந்தக் கடைசி விதிதான் ஆவுடைநாயகத்துக்கு ரொம்பப் பிடித்தது. சீமைப் பெட்டிக்கு எழுதிப்போட்டார், உலகச் சண்டையில் கப்பல் வரவில்லை, தென்காசி நம்பிராஜன் ஆசாரியிடம் படத்தைக் காட்டி மாசி மாதத்திலேயே செய்து வாங்கிவிட்டார். ஆசாரி என்னவோ சொன்னான்… “சார்வாள், இது பச்சை மாம்பலகை, செத்த காயட்டும், அவசரப்பட்டா ஆனியில வெளையாட்டுக் காட்டும்.” விளையாட்டுக் காட்டத்தானே ஐயா செய்யச் சொல்கிறேன் என்று பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிவந்தார். ஆசாரிக்கு எப்போதும் நாளைக் கடத்துகிற புத்தி, அந்தப் புத்தியை யார் அளந்தார்கள்.

ஆனால் கடவுள் ஒரு கதவை… இல்லை, கடவுளை விடு, பட்டணத்துப் பேராசிரியர் இருக்கிறார். எழுபதுகள் வர ஆரம்பித்ததும் நாலு நாள் தூங்காமல் புரண்ட ஆவுடைநாயகத்துக்கு ஐந்தாம் நாள் பளிச்சென்று ஒன்று தோன்றிற்று. சாரல்! ஈரக்காற்று அடித்தால் ரத்தம் குளிர்கிறது, ரத்தம் குளிர்ந்தால் மூளை மந்திக்கிறது, பருவத்துக்குப் பருவம் அறிவு ஏறி இறங்குகிறது, இதை உலகத்தில் யாரும் அளந்ததில்லை, தென்காசியில் இருந்துகொண்டு ஒருத்தன் அளந்துவிட்டான்! பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். பேராசிரியர் பதில் போட்டார், அற்புதம், நாற்பது பேர் முடித்துத் தாளை உடனே அனுப்புங்கள், ஆராய்ச்சி உதவியாளர் இடம் ஒன்று காலியாகிறது, இந்த வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். உதவியாளர்… பட்டணம்… பதினோரு வருஷமாக ஒரே கரும்பலகை, ஒரே சுண்ணாம்பு, ஜன்னலுக்கு வெளியே அதே மொட்டைக் கோபுரம். முப்பத்தொன்பது பிள்ளைகள் ஆகிவிட்டது, நாற்பதாவது பிள்ளை இன்றைக்கு, தபால் பஸ் நாலு மணிக்குப் பையை ஏற்றிக்கொண்டு போய்விடும், உறை தயார், தபால் தலை ஒட்டியாயிற்று. இன்னொரு பிரதி தலைமையாசிரியர் கைலாசத்துக்கு, “மந்தம்னு வாறவனுங்களை அடுத்த வருசம் மேல ஏத்த வேண்டாம் ஓய், தறி நெய்யட்டும்” என்று ஏற்கனவே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அதற்கென்று சாரலைச் சும்மா சொல்லக் கூடாது, அது லேசுப்பட்டதில்லை. இந்த விடுதியில் போன ஆனியில் ஒருவர் வேட்டியைக் கொடியில் காயப்போட்டார், எட்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் போட்ட அன்றைக்குவிட ஈரமாக இருந்தது, பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர், சாட்சிக்கு ஆள் இருக்கிறது, சாட்சியும் ஈரமாகத்தான் இருக்கிறார். அச்சன்புதூர்க்காரர் ஒருவர் மூக்குப்பொடி மட்டையைத் திறந்தபோது உள்ளே ரசம் இருந்தது. வீட்டில் மனைவி அகிலாண்டேஸ்வரி சாடியிலிருந்து உப்பை அள்ளிப் போடுவதில்லை, முகந்துதான் ஊற்றுகிறாள். அதோ அந்த அறைக் கதவு, வந்ததும் தள்ளினார், அசையவில்லை, தோளால் இடித்தார், அசையவில்லை. விடுதிக்காரர் கூடத்திலிருந்தே சத்தம் கொடுத்தார், “சாரலுக்குக் கதவு பருத்திருக்கு சார்வாள், ஓங்கி ஒரு உதை விடுங்க!” உதைத்தார், திறந்தது, எல்லாரும் உதைத்துத்தான் திறக்கிறார்கள் போலிருக்கிறது, கதவின் கீழ்ப்பக்கம் உள்ளும் புறமும் ஊர்ப்பட்ட கால் தடம். இந்த ஊரில் மூளை மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும், நினைக்க நினைக்கத் தன் கண்டுபிடிப்பு சரிதான் என்று நெஞ்சு நிமிர்ந்தது, நிமிர்ந்த கையோடு மறுபடியும் சரிந்தது, ஏனென்றால் தளவாயும் அந்தப் பூட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

பிள்ளை வந்துவிட்டது. குழல்வாய்மொழி, எட்டாம் வகுப்பு, சீசன் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு வராது, அப்பன் பலவேசம் அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன், அவனுக்கு எண்ணெய் அளந்து ஊற்றுவது இவள் வேலை, அதனால்தான் சோதனை இங்கே வந்து சேர்ந்தது. பலவேசம் இடுப்புத் துண்டோடு நின்றான், உடம்பெல்லாம் மினுமினுப்பு, விளக்கை ஏற்றினால் பற்றிக்கொள்வான். “சார்வாள், வலிக்கிற சோதனையா?” “இல்லை பலவேசம், விளையாட்டு மாதிரி.” “விளையாட்டுக்கு எதுக்குக் கடிகாரம்?” இதைத்தான் அகிலாண்டேஸ்வரியும் கேட்டாள், இந்த ஊரில் எல்லாருக்கும் அதே கேள்விதான். ஆவுடைநாயகம் பிள்ளையின் கையைப் பார்த்தார், முழங்கை வரைக்கும் எண்ணெய், கருவியில் அந்நியப் பொருள் படக் கூடாது என்று பதினாலாம் பக்கத்தில் இருக்கிறது. “கையைக் கழுவிட்டு வா. சீயக்காய் போட்டு.” அவள் போனாள், கழுவி வந்தாள், முகர்ந்து பார்த்தார், “இன்னொரு தரம்.” பலவேசம் சிரித்தான், “ஏட்டி, நல்லாக் கழுவு, கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுக் கழுவ மாட்டாக.” மூன்றாம் தரம் கை சுருங்கி வெளுத்துக் கிழவி கை போல வந்தது, போதும், அப்பனை வெளியே போகச் சொன்னார், கதவைச் சாத்தினான், சாத்தின சத்தத்தில் மேஜை குதித்தது.

தட்டில் சில்லுகளை அடுக்கினார். வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் முஷ்டியால் ஒரு குத்து, பிள்ளைகள் கை அழுக்குப் படிந்து படிந்து இப்போதெல்லாம் குத்தினால்தான் உட்காருகிறது, கழுதை. பிள்ளை தட்டைப் பார்க்காமல் முஷ்டியைப் பார்த்தாள். விதியை ஒப்பித்தார், தூக்கக் கூடாது, தள்ளணும், சிவப்பு சிவப்புக்கு, நீலம் நீலத்துக்கு, மூன்று கணக்கு, கணக்குக்கு ஐந்து நிமிஷம், தொடங்கு! கடிகாரம் ஓடிற்று. அவள் ஒரு சில்லைத் தள்ளினாள், நகரவில்லை. இன்னொன்றைத் தள்ளினாள், நகரவில்லை. ஆகா, அதே முழி, பன்னிரண்டு பேரும் முழித்த முழி, இவளும் எழுபதுதான், சராசரி காப்பாற்றப்பட்டது, பட்டணத்தில் ஒரு நாற்காலி தூசி தட்டப்படுகிறது… ஆனாலும் ஒரு பிள்ளையாவது டக்கென்று தள்ளித் தொலைக்கக் கூடாதா, நான் என்ன இவர்களுக்கு விரோதியா? “இறுக்கமால்லா இருக்கு சார்வாள்,” என்றாள். விரலை உதட்டில் வைத்தார், பேசக் கூடாது, விதி. அவள் முழித்தாள், கதவைப் பார்த்தாள், கதவின் அடியில் இருக்கிற கால் தடங்களைப் பார்த்தாள், ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பிறகு வலது கைச் சுட்டுவிரலைத் தன் தலை வகிட்டில் வைத்து உச்சியிலிருந்து பின்னல் வரைக்கும் ஓர் இழுப்பு இழுத்தாள். விரல் மினுமினுத்தது. ஐயோ, தலை! கையை மூன்று தரம் கழுவச் சொன்னவன் தலையை மறந்தேனே! அந்த விரலைச் சில்லுக்கும் சில்லுக்கும் நடுவில், தட்டின் ஓரத்தில், பொறுமையாக, மருந்து போடுகிற மாதிரி ஓட்டினாள், மறுபடி வகிடு, மறுபடி ஓரம், நிறுத்து என்று சொல்லலாமா, வாத்தியார் எதுவும் சொல்லக் கூடாது, பிடித்த விதி வாயைக் கட்டிப்போட்டது. முதல் கணக்கின் நேரம் முடிந்தே போயிற்று, சுழி. அவள் கவலைப்படவில்லை, கடைசிச் சில்லுக்கும் எண்ணெய் போட்டாள். இரண்டாவது கணக்கு… சர், சர், சர்… பதினெட்டு நொடி. மூன்றாவது, இருபத்தாறு. மாசி மாதத்தில்கூட யாரும் முப்பதுக்குள் போடவில்லை.

“முடிஞ்சுதா சார்வாள்? அங்கன ரெண்டு பேர் எண்ணெய்க்குக் காத்துக் கெடக்காக.” விதி முடிந்துவிட்டது, இனிப் பேசலாம். “ஏன் எண்ணெய் போட்டே?” என்று கடைசியில் கேட்டார், கேட்பதுபோல் இல்லை, கெஞ்சுவதுபோல் இருந்தது. “பலகை ஊதியிருக்குல்லா. நீங்க குத்தி எறக்கும்போதே பாத்தேன். எங்கப்பா எண்ணெய்ப் பெட்டி மூடியும் சீசனுக்கு இப்படித்தான் கடிச்சுக்கிடும், எண்ணெய் தொட்டாத்தான் வழிக்கு வரும்.” தாளை எட்டிப் பார்த்தாள். “தளவாய்க்கு நேரயா சார்வாள் மந்தம்னு போட்டிருக்கு? அவன் சொன்னானே, சார்வாள் பொட்டி நகரவே மாட்டேங்கு, சொன்னா வாயைப் பொத்துதாகன்னு.” சொல்லிவிட்டு, கதவின் கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தாள், கதவு பூனை மாதிரி சத்தமில்லாமல் திறந்தது, போய்விட்டாள். காற்று பின்னாலேயே வந்து அதை அறைந்து சாத்திற்று.

வாயைப் பொத்துகிறார்கள்… ஆமாம், தளவாய் என்னவோ சொல்ல வந்தான், விரலை உதட்டில் வைத்தேன், அவனுக்கு முன்னால் ஒருத்தி, ஆவுடையம்மாள், அவளும் “சார்வாள், இது” என்றாள், “இது”வோடு நிறுத்தினேன், பன்னிரண்டு பேரும் ஏதோ ஒரு “இது”வில் நின்றார்கள். அப்படியானால் எழுபது யாருக்கு? மாம்பலகைக்கா? பன்னிரண்டு பக்கமும் ரத்தம் குளிர்வதைப் பற்றி அல்ல, ஒரு பலகை ஊதினதைப் பற்றியா, பேராசிரியர் அற்புதம் என்று எழுதினது ஆசாரி முதல் நாளே சொன்னதற்கா? சும்மா இரு, பதற்றப்படாதே, ஒரே ஒரு பிள்ளை, அந்நியப் பொருள் பட்டுவிட்டது, பதினாலாம் பக்கப்படி இவள் பேரை அடித்துவிடலாம், அடித்துவிட்டு முப்பத்தொன்பது என்று அனுப்பலாம், பேராசிரியர் ஒன்றைக் குறைத்துக்கொள்ள மாட்டாரா, பட்டணத்தில் ஈரம் கிடையாது, அங்கே யார் வந்து பலகையைத் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள். நாற்பதாவது வரிசையில் பேனாவை வைத்தார். குழல்வாய்மொழி, வயது பதின்மூன்று… பட்டியலைப் பார்த்தார், முதல் கணக்கு சுழியானால் மற்றது எவ்வளவு வேகமானாலும் எண்பதைத் தாண்டாது. எழுபத்தொன்பது. மந்தம். பட்டியலில் சந்தேகமில்லை, கடிகாரத்திலும் சந்தேகமில்லை, அந்த அறைக்குள் புத்தியாய் நடந்துகொண்ட ஒரே ஆளுக்கு நேரே அந்த வார்த்தையை எழுத வேண்டியதுதான் பாக்கி. பேனா நின்ற இடத்தில் ஒரு பொட்டு மை ஊறிப் பரவிற்று, தாளும் சாரலைக் குடித்திருந்தது.

தூரத்தில் தபால் பஸ் ஊதிற்று. ஆவுடைநாயகம் தாளை உறைக்குள் போட்டார், ஒட்டவில்லை, உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். அனுப்பத்தான் போகிறோமா, தடுக்கத்தான் போகிறோமா, வெளியே போய் முடிவு பண்ணிக்கொள்ளலாம், முதலில் வெளியே போக வேண்டும், கதவை இழுத்தார், வரவில்லை. கால் தானாக எழும்பிற்று. எழும்பின கால் அந்தரத்தில் நின்றது. இந்த மாதம் முழுக்க வீட்டு அலமாரியை உதைத்திருக்கிறோம், இந்தக் கதவை உதைத்தோம், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் சில்லு சில்லாகக் குத்தியிருக்கிறோம், ஒரு தரம், ஒரே ஒரு தரமாவது ஏன் இறுகுகிறது என்று… வலது கை மெல்ல மேலே போய் உச்சியைத் தடவிப் பார்த்தது. வழுக்கை, காய்ந்து கிடந்தது. ஊரே நனைந்து கிடக்கிற ஆனியில் அந்த ஓர் இடத்தில் மட்டும் துளி ஈரம் இல்லை. சட்டைப் பையில் கடிகாரம் டிக் டிக் என்றது, நிறுத்த மறந்திருக்கிறது, அது எப்போதிலிருந்து ஓடுகிறது, யாருடைய நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது… பஸ் இரண்டாம் தரம் ஊதிற்று, காலை இறக்குவதா ஓங்குவதா என்று தெரியாமல் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.