மூன்றாவதாகச் சேர்த்தது

"பதில் வேண்டாம்னா எதுக்குப்பா கேள்வி கேக்குற?"

ஆறு வயதில் சோபனா கேட்டது அது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் சொல்லும் அவள் அப்பா சவுரியப்பன், "இப்படி ஒரு விலை உண்டா? இனி ஒரு நாள் வருமா?" என்று வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். "சனங்க யோசிக்கக் கூடாதுல்ல கண்ணு, அதுக்குத்தான்" என்று சிரித்தார்.

இன்று காரிமங்கலம் சந்தையில் அந்தச் சிரிப்பு அவருக்கு நினைவுக்கு வந்தது.

ஊக்கும் சீப்பும் விற்கிற ஒரு பெண்ணைச் சுற்றிக் கூட்டம். உள்ளூர்ப் பையன் மாதேஷ் அவள் கையை முறுக்கிப் பிடித்திருந்தான். அவனுடைய போனில் சவுரியப்பனின் குரல்தான் கத்தியது: "கையில் மூட்டை! வாயில் கன்னடம்! கண்ணில் களவு! உங்கள் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறதா?"

இரண்டு நாள் முன்பு மாதேஷ் ஒரு செய்தியை அனுப்பி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடப் பேசித் தரச் சொல்லியிருந்தான். பிள்ளை பிடிக்கும் பெண், கையில் மூட்டை, பார்வை சரியில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. இரண்டு அடையாளத்தோடு நிறுத்தினால் காதில் நிற்காது, மூன்று வேண்டும் என்பது தொழில் பழக்கம். கன்னடத்தைச் சேர்த்தவர் அவர்தான்.

"நானு கள்ளி அல்லப்பா" என்று அந்தப் பெண் அழுதாள்.

"கன்னடம்டா! இவதான்!" யாரோ கல்லை எடுத்தார்கள்.

சொன்னால் கல் தன் மேல் திரும்பும். சொல்லாவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள். மாதாவே என்று ஆட்டோ மைக்கைப் போட்டார்.

"கொஞ்சம் நில்லுங்க. அந்தக் குரல் என்னுதுங்க."

"அப்ப உனக்குத் தெரியும்ல? சொல்லுண்ணே, இவதானே?" என்றான் மாதேஷ்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி. கன்னடம்ங்கிறது நானாச் சேத்தது. கேக்க எடுப்பா இருக்கும்னு." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எந்த வூட்டுப் புள்ள காணாமப் போச்சு? பேரச் சொல்லுங்க."

கேள்விக்குப் பின்னால் அவர் ஒருநாளும் இடைவெளி விட்டதில்லை. இன்று விட்டார். ஒலிபெருக்கி மட்டும் இரைந்தது. கல் வைத்திருந்தவன் பக்கத்து முகத்தைப் பார்த்தான். அவர் காத்து நின்றார்.

தக்காளிக் கூடைக்குப் பின்னாலிருந்து அமுதவல்லி எழுந்தாள். "போன வாரம் எம் மவளுக்கு இவகிட்டதான் ஊக்கு வாங்குனேன். புள்ள பத்திரமா வூட்லதான் இருக்கு. கைய விடுடா." பிடி தளர்ந்தது. அவள் அந்தப் பெண்ணைக் குழாயடிக்கு முகம் கழுவக் கூட்டிப்போனாள்.

"ஏண்ணே, வாயத்தான் வாடகைக்கு விட்ட, மூளையுமா?" என்றது ஒரு குரல். கூட்டம் கலைந்தது.

அவர் முதலில் போனை எடுத்து, அது பொய் என்றும் தன் தவறு என்றும் எந்த எடுப்பும் இல்லாமல் பேசி அதே குழுவுக்கு அனுப்பினார். பிறகு புழுதியில் குத்துக்காலிட்டு, மிதிபட்ட ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வேட்டி நுனியில் துடைத்தார், வளைந்ததை நிமிர்த்தினார், அட்டையில் முன்போலவே வரிசையாகக் குத்தினார். சீப்புகளையும் அடுக்கி மூட்டையை இறுகக் கட்டி வைத்தார்.

அவர்கள் குழாயடியிலிருந்து திரும்புவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை.