வாய்விட்டுச் செய்த ஜெபம்

அண்ணி ஜெபிக்க ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவதுதான் நல்லது. அவ்வளவு நீளம். நாத்தனார் இதை முகத்துக்கு நேராகவே சொல்வாள். அண்ணியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

இருவருக்கும் வேலை ஒரே சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரி விரிப்புகள் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நாத்தனாருக்கு இஸ்திரி இயந்திரம், அண்ணிக்கு மடிப்பு. சூடாக வெளிவரும் விரிப்பைக் கையில் வாங்கியதுமே, அதில் யார் படுக்கப்போகிறார்களோ அவர்களுக்காக அண்ணியின் உதடு அசையத் தொடங்கிவிடும். விரிப்புக்கு ஒரு ஜெபம் என்றால் வேலை எப்போது முடியும் என்று நாத்தனார் சீண்டுவாள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே, அண்ணி மடித்த அடுக்குதான் கூடத்திலேயே நேராக நிற்கும். கோயிலுக்கு ஒரு முகம், வேலைக்கு ஒரு முகம் என்று அவளிடம் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் நாத்தனாருக்கு அவளைப் பார்த்துப் பொறாமைகூட உண்டு.

பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிர் முனையைப் பிடிப்பவள் ஒல்லி. அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. கூடத்தில் எல்லோருக்கும் ஒல்லிதான். இருவரும் முனையோடு முனை சேர்க்க எதிரெதிரே நடந்து வருவார்கள், கை தொடும், மறுபடி விலகுவார்கள். அப்படி நெருங்கி வந்த ஒரு நேரத்தில்தான் ஒல்லி மனதைக் கொட்டினாள். அவள் மகன் வெளியூர் வேலைக்குப் போகவில்லை. குடியை விடுவதற்காகச் சிகிச்சை இல்லத்தில் சேர்ந்திருக்கிறான். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறான். தாங்க முடியாமல் உன்னிடம் மட்டும் சொல்கிறேன் என்று அழுதாள்.

அந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டம் டீச்சர் வீட்டில் நடந்தது. ஒல்லிக்கு அன்று உடம்பு முடியவில்லை, வரவில்லை. அண்ணி கண்ணை மூடினாள். உள்ளே கிடந்த பாரம் அப்படியே வாய் வழியாக வந்துவிட்டது. ஒல்லியின் பெயர், மகனின் பெயர், சிகிச்சை இல்லம், அவன் விட முடியாமல் தவிக்கும் அந்தக் குடி, ஒன்று பாக்கியில்லை. கண்ணீரும் கம்பலையுமாக ஆண்டவரிடம் மன்றாடினாள். அண்ணி வேறு உலகத்தில் இருந்தாள். நாத்தனாரோ பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டாள். சுற்றிலும் பார்த்தால், டிரைவர் மனைவியும் கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே விஷயம் ஒல்லியின் காதுக்குப் போய்விட்டது. டிரைவர் மனைவி வீட்டுக்கே போய், உன் மகனுக்காக நாங்களும் ஜெபிக்கிறோம் என்று ஆறுதல் சொன்னாளாம். நல்ல ஆறுதல், போங்கள்!

அடுத்த நாள் ஒல்லி விரிப்பின் முனையைப் பிடித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கை தொடும் இடம் வந்ததும் முனையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்:

"வர்ற சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வர்றான். ஊருக்கே தெரியும்னு தெரிஞ்சா, நான்தான் சொல்லிட்டேன்னு நினைப்பான். அப்புறம் வீட்டுல ஒரு நாள்கூட தங்க மாட்டான். பழைய கூட்டத்தோடயே போயிடுவான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்."

அன்று அண்ணி மடித்த அடுக்கு கோணலாக நின்றது.

வீட்டில் அண்ணன், ஆறப்போடு, எல்லாம் சரியாகும் என்றான். போதகர், நல்ல மனசோடுதானே செய்தீர்கள், ஆண்டவருக்குத் தெரியும் என்றார். வேறு யாராவதாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். நாத்தனாரே தூங்கியிருப்பாள். அண்ணி மட்டும், மனசு நல்லதுதான், ஆனால் ஒல்லி வீட்டுக் கதவை ஊருக்குத் திறந்துவிட்டது என் வாய் இல்லையா என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும், கூட்டத்துக்கு வந்திருந்த ஒவ்வொரு வீட்டின் படியும் ஏறினாள். துணைக்கு நாத்தனார். அவளுக்கோ மானம் போனது. அண்ணி சுற்றி வளைக்காமல், ஜெபத்தின் பெயரில் புறம் பேசிவிட்டேன், இதை இதோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். டீச்சர் அழுதுவிட்டாள். டிரைவர் மனைவி, நான் யாரிடமும் சொல்லவில்லையே என்று கூசாமல் சாதித்தாள். நாத்தனாருக்கு நாக்கு துறுதுறுத்தது; அண்ணி அவள் கையை அழுத்தி நிறுத்தினாள். பிறர் குற்றம் பார்க்க வரவில்லை என்று இறங்கும்போது சொன்னாள். என்ன பொம்பளை இவள் என்று நாத்தனாருக்கு முதன்முறையாகக் கண் கலங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒல்லியின் வீட்டு வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்தது மகன். முகம் தெளிந்திருந்தது, சட்டை தொளதொளவென்று தொங்கியது. அம்மா இருக்காங்களா என்று நாத்தனார் ஒப்புக்குக் கேட்டாள். உள்ளேதான் இருக்கிறார்கள், ஏனோ வெளியே வர மாட்டேன் என்கிறார்கள் என்றான். அப்படியென்றால் ஒல்லி இன்னும் அவனிடம் எதையும் சொல்லவில்லை. அண்ணி தப்பித்துப் போகலாம். போகவில்லை.

"தம்பி, நீ எங்க இருந்தேன்னு எங்க ஜெபக்கூட்டத்துல எல்லாருக்கும் தெரியும். சொன்னது நான். உங்கம்மா என் ஒருத்திகிட்ட அழுதாங்க, நான் அதைக் கொண்டுபோய் கூட்டத்துல வச்சிட்டேன். கோபப்படணும்னா என்மேல படு. அம்மா மேல படாத."

அவன் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டான். நாத்தனார் அவன் செருப்பைத் தேடுகிறானா என்று பார்த்தாள். இப்போதே இறங்கிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள்.

"எனக்காக ஜெபிச்சீங்களா பெரியம்மா, இல்ல என்னைப் பத்திப் பேசினீங்களா?"

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ஜெபிக்கிறேன்னு நினைச்சேன். பேசிட்டேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். சிகிச்சை இல்லத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்வார்கள், நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன் என்றான். சொல்லிவிட்டு நிமிர்ந்தான்.

"சரி, இப்ப ஜெபிங்க. வாசல்லயே."

அண்ணி கண்ணை மூடினாள். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆண்டவரே, இங்க நிக்கிற பாவிக்கும் இந்தப் பிள்ளைக்கும் இரங்கும்."

அவ்வளவுதான். அவன் தலை குனிந்தே இருந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அப்போது உள்ளறையிலிருந்து, அழுதழுது கம்மிப்போன ஒல்லியின் குரல் கேட்டது.

"ஆமென்."