வண்டி கட்டி வந்த விருந்து

மூத்த மகள் சம்பங்கியின் கல்யாணக் கணக்கில் காலணாகூடப் பிசகவில்லை. அரிசி, பருப்பு, வெல்லம், பந்தல், மேளம், புடவை என்று போட்ட கணக்குக்குள்ளேயே செலவு அடங்கியது. ஆனால் அதே வருஷக் கோடையில் நாராயணப்பன் உழவு மாடுகள் இரண்டையும் விற்க வேண்டி வந்தது. ஏன் அப்படி ஆயிற்று என்பது இரண்டு வருஷமாகியும் அவருக்கு விளங்கவில்லை.

வைக்கோல் தீர்ந்துபோனதால்தான் விற்றார். அது தெரியும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தை மாதம் ராகி அடித்து முடித்ததும் வைக்கோலைப் போராக அடுக்கி வைப்பார்கள். மழை பெய்து, ஆடியில் புல் தலைகாட்டும் வரை வீட்டு மாடுகளுக்கு அதுதான் தீனி. அவர் வீட்டுப் போர் எந்த வருஷமும் ஆடி வரை வரும். அந்த ஒரு வருஷம் சித்திரையிலேயே அடி தெரிந்துவிட்டது. கோடையில் வைக்கோல் விற்கிற விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. மாடுகள் எலும்பும் தோலுமாக ஆவதற்குள் சந்தைக்கு ஓட்டினார். உழ மாடில்லாமல் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. மறு வருஷம்தான் எப்படியோ வேறு ஜோடி பிடித்தார்.

அதே நிலம், அதே விளைச்சல், அதே இரண்டு மாடு. மூன்று மாத வைக்கோல் எங்கே போனது?

இப்போது, 1954 தை மாதத்தில், இளையவள் ருக்மணியை ஜவளகிரியில் கேட்டிருந்தார்கள். நல்ல இடம். ருக்மணிக்கும் சம்மதம். மாசியிலேயே முடிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் தேதி சொல்ல வேண்டும் என்றார்கள்.

“போன தடவ எங்க ஓட்ட விழுந்துதுன்னு தெரியாம நான் தேதி குடுக்க மாட்டேன்” என்றார் நாராயணப்பன்.

“அவங்க வேற எடம் பாத்துக்குவாங்க” என்றாள் அவர் மனைவி வெள்ளையம்மா.

“இன்னொரு தடவ மாடு போச்சுன்னா நெலம் மொத்தமும் தரிசுதான். அப்புறம் சோத்துக்கு என்னா பண்றது, சொல்லு.”

வெள்ளையம்மா செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. நாம் கல்யாணத்துக்குக் கணக்குப் போடுகிறோம் என்றால், வாங்க வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறோம். அப்படி நினைத்தால் வாங்குகிற சாமான் மட்டுமே ஞாபகத்துக்கு வரும். அவள் சாமான்களை விட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு வருகிற ஆட்களைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இங்க வாசல்ல நில்லுங்க” என்று சொல்லிவிட்டுத் தெருக்கோடி வரை போனாள். அங்கிருந்து கையை வீசிக்கொண்டு, ஜவளகிரிக்காரர்களின் கன்னடம் கலந்த இழுப்போடு பேசிக்கொண்டே வந்தாள்.

“நான்தான் மாப்ளைக்குத் தாய்மாமன். வந்துட்டேன். கூப்புடுங்க.”

“உனுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?”

“அம்மா, மாமனுக்கு மீச இல்லியே!” என்று உள்ளிருந்து ருக்மணி சிரித்தாள்.

“மீச வழியில தூசி பட்டு உதுந்துபோச்சுடி. தண்ணி கொண்டா.”

ருக்மணி சொம்பைக் கொண்டுவந்தாள். வெள்ளையம்மா கால் கழுவினாள். கழுவும்போதே சொன்னாள்: “இந்தத் தண்ணிய யார் சேந்துனது? போன தடவ ரெண்டு ஆள் வெச்சோம். அவங்களுக்குச் சோறு போட்டோம், கணக்குல சேக்கல.” பிறகு உட்கார்ந்தாள், சாப்பிட்டதாகப் பாவனை செய்தாள், படுக்கப் பாய் கேட்டாள், விளக்குக்கு எண்ணெய் கேட்டாள். அடுப்பு விறகும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எல்லாமே சின்னச் சின்னச் செலவு. எதுவும் ஒரு ஜோடி மாட்டை விற்கவைக்கிற அளவுக்கு இல்லை.

“போதும், எழுந்திரு” என்றார் நாராயணப்பன். “மாமன் நல்லா சாப்புட்டாரு, தூங்கப் போறாரு. எங்க இருக்குது ஓட்ட?”

வெள்ளையம்மா எழுந்திருக்கவில்லை. “நான் தப்பா வந்துட்டேங்க.”

“என்னா தப்பு?”

“நான் நடந்து வந்தேன். ஜவளகிரியிலருந்து மாமன் நடந்தா வருவாரு? வண்டி கட்டிக்கினு வருவாரு. அவரு இங்க சாப்புடறாரு. அவரு மாடு?”

நாராயணப்பன் வைக்கோல் போர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சம்பங்கி கல்யாணத்துக்கு எத்தன வண்டி வந்துது?” என்றாள் வெள்ளையம்மா.

“ஒரு முப்பது இருக்கும்.”

“அப்ப அறுபது மாடு. நம்ம ஊட்ல ரெண்டு மாடு. அதுங்க ரெண்டும் ஒரு மாசம் தின்னறத அந்த அறுபதும் ஒரே ராத்திரியில தின்னுடும். எத்தன ராத்திரி இருந்தாங்க?”

“மூணு” என்றார் நாராயணப்பன். சொன்னதும் அவருக்கே கணக்கு விளங்கிவிட்டது. மூன்று ராத்திரி, மூன்று மாதம். ஆடி வரை வர வேண்டிய போர் சித்திரையில் தீர்ந்துபோனதற்கு இதுதான் காரணம்.

இத்தனை பெரிய செலவு எப்படிக் கண்ணுக்குத் தப்பியது என்று கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. வைக்கோல் வீட்டில் விளைந்தது. மடியிலிருந்து காசு எடுத்து வாங்காத பொருளை யாரும் செலவில் சேர்ப்பதில்லை. தவிர, பந்தல் போருக்கு முன்னால் இருந்தது, வண்டிகள் போருக்குப் பின்னால் ரோட்டோரம் நின்றன. வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு கட்டாகப் பின்பக்கம் உருவினார்கள். வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்குப் போர் முழுசாகவே தெரிந்தது.

“சரி, ஓட்ட தெரிஞ்சுது” என்றார் நாராயணப்பன். “அடைக்கறது எப்படி? ஒறவுக்காரன் மாட்டப் பட்டினி போட முடியுமா? போன தடவ சாணிகூட நமக்கு மிஞ்சல.”

“அந்தச் சாணி எங்க போச்சு?”

“ரோட்டோரம் நின்ன வண்டிங்க. ஊரே அள்ளிக்கினு போச்சு.”

வெள்ளையம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, புளி வியாபாரம் செய்யும் முனீர் அகமது வீட்டுக்குப் புறப்பட்டாள். நாராயணப்பனும் பின்னால் போனார். முனீருக்கு ஊர் எல்லையில் ரோட்டை ஒட்டி மேட்டு நிலம் இருந்தது. சொந்த மாடு கிடையாது, கூலி ஏர்தான். அதனால் அவருடைய வைக்கோல் போர் கை படாமல் நிற்கும். கோடையில் விற்பார். நிலத்துக்கு எரு வேண்டி வருஷா வருஷம் ஆட்டுக் கிடை போடுவார். அதாவது, ராத்திரியில் ஆட்டு மந்தையை நிலத்திலேயே மடக்கி வைக்கச் சொல்லி, மந்தை மேய்க்கிற கீதாரிக்குக் கூலியாக ராகி அளப்பார்.

“தம்பி, இந்த வருஷம் ஆட்டுக் கிடை வேணாம், மாட்டுக் கிடை போட்டுக்க” என்றாள் வெள்ளையம்மா. “அறுபது மாடு, மூணு ராத்திரி. ராகி அளக்க வேணாம். மாட்டுக்கு உன் வைக்கோல் போட்டாப் போதும்.”

முனீர் சிரித்தார். “கல்யாணம் உங்க ஊட்ல, விருந்து எங்க ஊட்லயா அக்கா?”

“பிரியாணி நான் கேக்கலியே. வைக்கோல்தான கேட்டேன்.”

“மூணு ராத்திரி வைக்கோல கோடையில வித்தா எனக்கு எத்தன வரும் தெரியுமா?”

“எரு போடாத நெலத்துல எத்தன மூட்ட வரும், அதையும் சொல்லு.”

முனீர் தாடியைத் தடவினார். “ஆட்டுக் கிடைன்னா ராத்திரிக்கு ராத்திரி எடம் மாத்துவான்.”

“நாங்களும் மாத்திக் கட்டறோம்.”

“ரெண்டு ராத்திரிக்கு என் வைக்கோல், அக்கா. மூணாவது உங்களுது. அதுக்கு மேல கேட்டீங்கன்னா என் ஊட்டுக்காரி அதியா என்னையே கொண்டாந்து மாட்டோட கட்டிடுவா.”

“ஒத்துக்கறேன்” என்றார் நாராயணப்பன், மனைவியை முந்திக்கொண்டு. திரும்பி நடக்கும்போது அவளைப் பார்த்து, “மாமன் வேஷத்துல இத்தன வெஷயம் இருக்குதா?” என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

வியாழக்கிழமை ஜவளகிரிக்கு ஆள் போனது. கல்யாணம் மாசியில். வண்டிகள் ஊருக்குள் வர வேண்டியதில்லை, எல்லையில் முனீர் நிலத்திலேயே அவிழ்த்துவிடலாம். மாடுகளை ஒவ்வொரு ராத்திரியும் இடம் மாற்றிக் கட்டுவார்கள். இரண்டு ராத்திரித் தீனி முனீருடையது, எரு முழுவதும் முனீருக்கு. மூன்றாவது ராத்திரித் தீனிக்கு நாராயணப்பன் போரிலிருந்து ஒரு மாத வைக்கோல் போகும். அந்த ஒரு மாதத்துக்கு ஈடாக, களத்து விலைக்கு மலிவாகக் கிடைக்கும் தை மாதத்திலேயே ஒரு வண்டி வைக்கோல் வாங்கிப் போரில் சேர்த்துவிட வேண்டும். அந்தப் பணத்தைக் கல்யாணச் செலவிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.