சோல்வேய்க் அடுக்கிய கற்கள்

வடக்கு ஐஸ்லாந்தின் அந்தப் பள்ளத்தாக்கில், செம்மறிகளைப் பிரிக்கும் வட்டப் பட்டியில் ஊரே கூடியிருந்தது. இப்படி ஒரு நாளில் சோல்வேய்க்கின் கேமரா ஓயாது. இன்று அதைப் பையிலிருந்து எடுக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

கோடை மேய்ச்சலுக்கு விட்ட ஆடுகளை மலையிலிருந்து ஓட்டிவரும் குழுவுக்கு அவளுடைய அப்பா தோர்கெல்தான் தலைவர். மலைராஜா என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். இந்த முறை மூடுபனியில் குழுவையே பாறை விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார். முன்னால் ஓடிய ஆடுகள் சரிந்து விழுந்து செத்தன. மனிதர்கள் தப்பியதே பெரிது.

"என்ன தோர்கெல், நீ ஆட்டைத் தேடிப் போனியா, ஆடு உன்னைத் தேடி வந்துச்சா?" என்றார் பக்கத்துப் பண்ணை கிரீமுர்.

"சிரி, சிரி. அடுத்த வருஷம் நீயே முன்னால போ. எனக்கு மூளை மங்கிப்போச்சு."

அப்பா அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அது சோல்வேய்க்குக்குத் தெரிந்தது.

அவள் சிற்பி. பிறந்த மண்ணைப் பற்றி ஒரு படமும் எடுத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய வானத்துக்குக் கீழே நான் யார் என்பதுதான் படத்தின் கேள்வி. அதற்காக அந்தப் பாறை விளிம்பை ஒட்டிய மேட்டின் மேல் ஆள் உயரத்துக்குக் கற்களை அடுக்கினாள். மூடுபனி இறங்கினால் கல்குவியலுக்குக் கல்குவியல் பார்த்து நடக்கும் ஊர் அது. பாதை இல்லாத இடத்தில் யாரும் கல் அடுக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பனிக்குள் ஒரே ஒரு காட்சி எடுத்துவிட்டுப் பிரிக்கலாம் என்று விட்டுவைத்தாள்.

அப்பா தனியாகச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். கையில் இறைச்சி சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா, மேட்டுல இருந்த அந்தக் கல்குவியல்..."

"அதைப் பேசாதே. சின்ன வயசுலேர்ந்து நடந்த மலை. அது அங்க முன்னாடி இருந்துச்சான்னே ஞாபகம் வரல. டாக்டர்கிட்ட போகலாம்னு உங்கம்மா சொல்றா."

"முன்னாடி இல்லப்பா. நான்தான் அடுக்கினேன். படத்துக்காக."

திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றாள். அவரோ நீளமாக மூச்சு விட்டார்.

"அப்ப என் தலை சரியாத்தான் இருக்கு," என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. இரவெல்லாம் எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"ஏன் பிரிக்கல?"

"பனியில அழகா இருக்கும்னு நெனச்சேன்."

"அழகாத்தான் இருந்துச்சு. கைதேர்ந்த வேலை. அதான் பாதைக் கல்லுன்னு நம்பிட்டேன்." சிரிப்பு மறைந்தது. "என்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? ஆடு போனவங்க அதோ நிக்கிறாங்க."

பட்டிக்குள் பாட்டு களைகட்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் நடுவே வந்து நின்றாள்.

"வாம்மா, படம் எடுக்கவா?" என்றார் கிரீமுர்.

"இல்ல. பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. உங்க ஆடுங்க எப்படி விழுந்துச்சுன்னு நான் சொல்லணும்."