‘தவிர்க்க வேண்டியவை’ பிரிவில் ஒரு வகுப்பு

வீடியோ நூலகத்தில் தன் வகுப்பும் சேர்ந்துவிட்டது என்று அறிவியல் டீச்சர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஆசிரியர் அறையில் சொன்னாள், நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னாள், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு டாக்டரிடமும் சொன்னாள். பெருமைப்பட்டுக்கொள்ளட்டுமே, யாருக்கு என்ன குறைந்துவிட்டது? பத்தொன்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவளிடம் ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அந்த நூலகத்தை உருவாக்குகிறவர் அவள் வீட்டுக்காரர். கல்வி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வீடியோ பார்ப்பதுதான் உத்தியோகம். நூறு பார்த்தால் நாலு தேறும். தேறியதை ஏழு நிமிடத்துக்குள் நறுக்கி, எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு, எங்கே நிறுத்திப் பிள்ளைகளிடம் என்ன கேட்கவேண்டும் என்று குறிப்பு எழுதிச் சேர்ப்பார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தனியாக ஒரு பகுதி உண்டு. அதற்கு நிஜ வகுப்பறை வீடியோக்கள் வேண்டியிருந்தன. போன வருஷம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவள் வகுப்புக்கே வந்து மூன்று பாடங்களைப் பதிவு செய்துகொண்டு போனார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில், "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பிரமாதம் போ," என்றார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சாதாரணமாக எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள் இல்லை அவர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறைத் தள்ளுகிற மனுஷன். ஒரு பாடத்தை நூலகத்தில் சேர்த்தாயிற்று என்று பிறகு ஒருநாள் சொன்னபோது, எந்தப் பிரிவில் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவர் தன்னைத் தள்ளவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிசு. ஊரே பாராட்டினாலும் அதற்குப் பிறகுதான்.

இந்த வருஷப் பயிற்சிக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். பக்கத்தில் அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். பயிற்சி கொடுக்க வந்த பெண் சின்ன வயசு, அதிராத பேச்சு.

"நம்ம நூலகத்துலருந்து ஒரு வீடியோ போடுறேன். மூணு நிமிஷம்தான். பாத்துட்டுப் பேசலாம்," என்றாள்.

திரையில் மேஜை, அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய ஐஸ் தண்ணீர். கேமரா பின்னாலிருந்து எடுத்ததால் டீச்சரின் முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. எதிரே பிள்ளைகளின் முகங்கள்.

"ஐயோ, நான்தான்! என் கிளாஸ்தான்!" என்று கணக்கு டீச்சரின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டாள் இவள். முன் வரிசை வரை கேட்டது. திரும்பிப் பார்த்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிச் சிரித்தாள். பயிற்சியாளர் மட்டும் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அவள் காதில் விழவில்லை.

"டம்ளருக்கு வெளியில தண்ணி எப்படி வந்துச்சு? காத்துலருந்து வந்துச்சு. சரியா? அப்போ காத்துல என்ன இருக்கு? நீராவி இருக்கு. சரியா? புரிஞ்சுதா?" என்று திரையில் முதுகு பேசிக்கொண்டே போயிற்று. மூன்று நிமிடம் முடிந்ததும் கடைசியில் எழுத்து வந்தது. ‘தவிர்க்க வேண்டியவை: கேள்வி கேட்பதில் ஆசிரியர் செய்யும் தவறுகள்.’

இவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த டீச்சர் என்னென்ன தப்பு பண்றாங்க? சொல்லுங்க பாக்கலாம்."

இவள் பக்கம் பார்க்காமலிருக்க அத்தனை பேரும் படாத பாடு பட்டார்கள்.

"தயங்காம சொல்லுங்க. அவங்க யாருன்னே நமக்குத் தெரியாதே," என்றாள் பயிற்சியாளர். பின்னாலிருந்து ஒருத்தர் செருமினார். யாரும் பேசாததால் அவளே மறுபடி ஓட்டினாள், இந்தத் தடவை மெதுவாக.

"ரெண்டாவது பெஞ்சுல இந்தப் பாப்பாவைப் பாருங்க. ரெண்டு தடவை பதில் சொல்ல வாயைத் திறக்குது. ரெண்டு தடவையும் டீச்சர் முந்திக்கிறாங்க."

உண்மைதான். திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. அந்தப் பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அதன் அம்மாவை வரவழைத்துப் புகார் சொன்னவள் சாட்சாத் இவள்தான். நாற்பது பேர் முன்னால் மானம் போனது ஒரு பக்கம் கிடக்கட்டும், அந்தப் பெண் சொன்னதில் பொய்யே இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"விடுங்க டீச்சர், முகமா தெரியுது?" என்றாள் கணக்கு டீச்சர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"மூணு பாடம் எடுத்தீங்களே, மத்த ரெண்டும் எங்க?"

"அது ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. சேக்கல."

"ஏன்?"

"நல்லது நானூறு கிடக்கு. மோசமானதுக்குத்தான் பஞ்சம். கேமரா முன்னாடி யாரு மோசமா நடத்துவா? ஆறு மாசமா தேடிட்டு இருந்தேன்."

"கடைசில வீட்டுலயே கிடைச்சிடுச்சு."

அவர் சிரித்தார். வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, புண்ணியவான்.

"முகம் தெரியல, பேரும் போடல. யாருக்குத் தெரியப்போகுது?"

"நாப்பது பேருக்குத் தெரியும். நான்தான்னு நானே சொன்னேன்."

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"நீங்கதான். பஸ்ஸுல பிரமாதம்னீங்களே."

"பின்ன, பெண்டாட்டிகிட்ட வேற என்னத்தைச் சொல்றது? பஸ்ஸுல உக்காந்து சண்டை போடச் சொல்றியா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை பேசும்வரை பொறுத்திருப்பாள். இப்போது அது வகுப்பு மாறிப் போய்விட்டது. கண்ணால் கண்டிராத ஊர் ஆசிரியர்களுக்கெல்லாம் பக்குவமாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தவருக்கு, ஒரே வீட்டில் இருக்கிறவளிடம் சொல்ல ஒரு வருஷமாக வாய் வரவில்லை.

"சரி விடு, நாளைக்கே எடுத்துடறேன்," என்றார். "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்ன வீடியோ அது. உனக்காக எடுக்கறேன்."

"எடுக்க வேண்டாம். அதுல இருக்கறது சரிதான். பேரைப் போடுங்க. என் பேரு, என் பள்ளிக்கூடம், பத்தொன்பது வருஷ அனுபவம், எல்லாத்தையும் போடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அதுக்குக் கீழ இன்னொரு வரி. தேர்ந்தெடுத்தவர், இந்த டீச்சரோட வீட்டுக்காரர். ஒரு வருஷமா அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அதையும் போடுங்க."

அவர் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். முகம் கறுத்துவிட்டது.

"விளையாடுறியா? அதைப் போட்டா ஆபீஸ்ல நாலு பேரு என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"