கீழேயிருந்து கேட்ட பெயர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இரைந்து சொல்லுகிற கதை இல்லை இது. ஒருத்தி ஒரே ஒரு தடவை பதில் சொல்லாமல் இருந்துவிட்ட கதை. முடிகிறவரை அவளைத் திட்டாமல் கேளுங்கள். அவளே தன்னைப் போதும் போதும் என்கிற மட்டும் திட்டிக்கொண்டுவிட்டாள்.

அவளுக்கு வீட்டில் செல்லப் பெயர் வாத்து. நடக்கப் பழகின வயதில் இடுப்பை அசைத்து அசைத்து நடந்தாளாம். அக்கா விளையாட்டாகக் கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, அந்த அக்காதான் தாயும் தகப்பனுமாக நின்று அவளை ஆளாக்கினாள். அவர்கள் இருந்தது சின்ன ஊர். அங்கே அக்காவுக்கு ஒரு சலவைக்கடை.

துணி தயாரானால் அக்கா யாருக்கும் போன் போடமாட்டாள். கடைவாசலில் வந்து நின்று, உரியவர் பெயரை ஓர் இழுப்பு இழுத்துக் கூப்பிடுவாள். தெருமுனையில் பூட்டுக்குச் சாவி செய்கிறவர் அந்தக் குரலை வாங்கி, தானும் கூப்பிட்டு அடுத்த தெருவுக்கு அனுப்புவார். அங்கிருந்து இன்னொருவர். ஆள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்தாவது பதில் வந்து சேரும், "அவரு முடிவெட்டப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்று. கூப்பிட்ட குரல் வெறுங்கையோடு திரும்பி வந்ததாக அந்த ஊரில் சரித்திரமே கிடையாது.

ஆனால் ஒன்று. வாத்தின் கல்யாணப் பேச்சு முறிந்த செய்தியும் அதே வழியில்தான் ஊரைச் சுற்றிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொன்னது காலையில். மதியம் அவள் சோப்பு வாங்கப் போனால், கடைக்காரர் சோப்பை நீட்டிக்கொண்டே, "விடும்மா, உனக்கு இதைவிட நல்ல இடமா வரும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் போகிற தெருவெல்லாம் நல்ல மனசாகவே இருந்தால், ஒரு பெண் எங்கே போய் அழுவாள்?

அதனால்தான் நகரத்துக்கு வந்தாள். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முகத்துக்கு ஏற்ற பிரேம் எடுத்துக் கொடுப்பது, காதுக்குப் பின்னால் அழுத்தாமல் கம்பியை வளைத்துச் சரிசெய்வது. குடியிருந்தது நாலாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையும். எதிர்வீட்டுக்காரர் யாரென்று இவளுக்குத் தெரியாது, அவருக்கும் இவளைத் தெரியாது. அழுதாலும் சிரித்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. சிலருக்கு அது பாரமாக இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அது மழைவிட்ட மாதிரி இருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில் பார்வை சோதிக்க ஒரு வெளியூர்க்காரர் வந்தார். சுவரில் இருந்த எழுத்துகளைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். கேஷியர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்கேர்ந்துதான் கெளம்பி வர்றாங்களோ. நீங்க எந்த ஊரு?"

"இங்கதான்," என்றாள் வாத்து. "பொறந்து வளர்ந்ததெல்லாம் இங்கதான்."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சொன்னது சொன்னதுதான். அப்புறம் அதற்கு முட்டுக்கொடுக்க ஒன்று, அந்த முட்டுக்கு ஒரு முட்டு என்று பொய் மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டே போனாள். அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதையே கடையில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு விடுமுறை நாள். கடையை நடத்துகிற மேனேஜர் அம்மாவும் கேஷியர் பெண்ணும் வாத்தின் வீட்டுக்கு முதல் தடவையாக வந்திருந்தார்கள். இவள் அழைத்துத்தான் வந்தார்கள். புதுக் கோப்பைகள் வாங்கிவைத்திருந்தாள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கீழேயிருந்து கேட்டது.

"வாத்தூ... ஏ வாத்தூ..."

அக்காவேதான். கடையில் துவைக்கிற மெஷின் மக்கர் பண்ண, கிடைத்த ஒரு நாளில் தங்கையைப் பார்த்துவரலாம் என்று பஸ் ஏறிவிட்டாள். சொல்லிவிட்டு வருகிற பழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் எண்கள் பதித்த பெட்டி ஒன்று இருந்தது. எதை அழுத்துவதென்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், நாலாவது மாடியில் நீலத் திரை. தங்கை குடிவந்தபோது அவளே மாட்டிவிட்டது. அது போதாதா? ஊரில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுவிட்டாள்.

"யாரு அது, வாத்து மேய்க்க வந்திருக்காங்களா?" என்றாள் கேஷியர் பெண்.

"இங்க வாத்துப் பண்ணை இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே," என்றார் மேனேஜர் அம்மா.

வாத்து சிரித்தாள். அவர்களோடு சேர்ந்து, அவர்கள் அளவுக்கே சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதன்பின் எத்தனையோ நாள் வாயைக் கொப்பளித்துத் துப்பப் பார்த்திருக்கிறாள், போகவில்லை.

"சத்தமா இருக்குல்ல, ஜன்னலைச் சாத்திடறேன்," என்று எழுந்து போனாள்.

திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அக்கா, வெளுத்து மடித்த போர்வை ஒன்றை, மடிப்புக் கலையாமல் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தியபடி நின்றாள். வாய் திறந்து இன்னொரு முறை கூப்பிட்டாள். வாத்து ஜன்னலைச் சாத்தினாள்.

நகரத்தில் யார் பதில் சொல்லப் போகிறார்கள், கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள், சாயங்காலம் போனில் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. இரண்டாவது மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் யாரோடும் பேசி இவள் கேட்டதில்லை.

"யாரும்மா வேணும்?"

"நாலாவது மாடிங்க. நீலத் திரை போட்ட வீடு."

"இருக்காங்களே. இப்பத்தான் ஜன்னலைச் சாத்துனாங்க. நான் வேணா மேல போய்ச் சொல்லட்டுமா?"

கண்ணாடியோடு ஒட்டி நின்ற வாத்துக்கு, ஜன்னல் சாத்தியிருந்தும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அக்கா நிமிர்ந்தாள். திரையின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்களில் அவள் பார்வை வந்து நின்றது. அவளே நகம் வெட்டிவிட்டு வளர்த்த விரல்கள். அவளுக்கா தெரியாது?

"வேண்டாங்க," என்றாள் அக்கா. "கட்டடம் மாறி வந்துட்டேன் போல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு பாருங்க."

திரும்பி நடந்தாள்.

வாத்து டீயை வடிகட்டினாள். கோப்பைகளை நீட்டினாள்.

"போயிட்டாங்களா அந்த வாத்துக்காரம்மா?"

"போயிட்டாங்க மேடம்."

அவர்கள் டீ குடித்து, வாடகை என்ன, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் பேசி, ஆற அமர எழுந்து போகிறவரை அவள் உட்கார்ந்தேதான் இருந்தாள். அவர்கள் ஆட்டோ கண்ணுக்கு மறைந்த பிறகுதான் படியிறங்கி ஓடினாள். இரண்டாவது மாடிப் பெரியவர் வழியில் நின்றார்.

"உங்களைத் தேடி ஒரு அம்மா வந்தாங்க போலிருக்கே."

"நான் குளிச்சிட்டிருந்தேன் சார்."

அவள் ஜன்னலைச் சாத்தியதைப் பார்த்த மனிதர் அவர். தலைகுனிந்து, கையிலிருந்த தொட்டியில் காய்ந்த இலையைக் கிள்ளினார்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை.

"கேக்கலக்கா. குளிச்சிட்டிருந்தேன்."

"சரிடீ." அக்கா அவள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லவேளை, தலை நனையலை. சளி பிடிக்காது."

வாத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சுக்கா."

"தெரியும்."

"கடையிலேர்ந்து வந்திருந்தாங்க. அவங்ககிட்ட... நான் இந்த ஊர்க்காரின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப நான் யாரு?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"உனக்கு நம்ம ஊரு ஒத்துக்கலை. எனக்கு மட்டும் எல்லா நாளும் ஒத்துக்குதா? அழுக்குத் துணி அள்ளறவளுக்கு எவன் தாலி கட்டுவான்னு என் காதுபடவே பேசுன ஊருதானே. நீ கெளம்பினது தப்புன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா? ஊரை விட்டுட்டு வந்தே, சரி. என்னையும் சேர்த்தாடீ விட்டுட்டு வந்தே?"

"வீட்டுக்கு வாக்கா."

"அவங்க போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"அப்ப இப்ப வர்றதுல என்ன இருக்கு." கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. "அவங்க இருக்கும்போது ஒரு நாள் கூப்பிடு. வர்றேன்."

"ஊர்ல எல்லாரும் கேப்பாங்களேக்கா. என்ன சொல்லுவே?"

"நீ வீட்ல இல்லைன்னு சொல்லுவேன். வேற என்னத்தைச் சொல்ல."

பொய் சொன்னால் காது சிவந்துவிடும் அக்காவுக்கு. அந்தக் காதோடு சாவிக்காரரிடமும் சோப்புக் கடையிலும் வாசலுக்கு வாசல் அவள் சொல்லிக்கொண்டு போகப்போவதை நினைத்தபோது, வாத்துக்கு அந்தத் தரை பிளந்து தன்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. பஸ் வந்தது. அக்கா போர்வையை அவள் கைகளில் வைத்தாள்.

"அமுக்காம கொண்டு போ, கசங்கிடும்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

மறுநாள் கடை திறந்ததும் வாத்து மேனேஜர் அம்மா முன்னால் போய் நின்றாள். கேஷியர் பெண்ணும் பக்கத்தில் இருந்தாள். இருந்தால் இருக்கட்டும் என்றே சொன்னாள்.

"நேத்து கீழ நின்னு கூப்பிட்டது என் அக்கா மேடம். வாத்துன்னா நான்தான். எனக்கு இந்த ஊர் இல்லை."

வேலை போகும், அல்லது கடை முழுக்கச் சிரிக்கும் என்று இரவெல்லாம் மனசைக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தாள். மேனேஜர் அம்மா லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழேகூட வைக்கவில்லை.

"அப்படியா? எனக்கும்தான் இந்த ஊர் இல்லை. எங்க வீட்ல என்னைக் கொசுன்னு கூப்பிடுவாங்க. இந்த உடம்பைப் பார்த்தும் இன்னும் அப்படித்தான் கூப்பிடறாங்க." கேஷியர் பெண் சிரித்தாள். மேனேஜர் அம்மா மட்டும் சிரிக்காமல் வாத்தைப் பார்த்தார். "ஆமா, ஏன் அவங்களை மேல வரச் சொல்லலை? டீ நெறையத்தானே இருந்துச்சு."

யாருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினாளோ, அவர்களே கேட்கிறார்கள். பிரேம் அடுக்குகிற சாக்கில் உள்ளறைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றாள்.

அன்று மாலையே, அடுத்த விடுமுறை நாளுக்கு இருவரையும் மறுபடி வீட்டுக்கு அழைத்தாள். அவர்கள் சரியென்றார்கள். அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அவங்க இருக்கும்போதே வாக்கா. நான் கேட்டுக்கே வந்து கூட்டிட்டு வர்றேன்."

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி துணியில் ஓடும் சத்தம் கேட்டது.

"மெஷின் சரியாயிடுச்சுடீ. துணி மலையா குவிஞ்சு கெடக்கு. அடுத்த மாசம் பாப்போம்," என்றாள் அக்கா.

மெய்யாகவே வேலைதானா, இல்லை சாக்கா என்று கேட்க வாத்துக்கு வாய் வரவில்லை. அக்காவுக்குச் சாக்குச் சொல்லப் பழக்கிக் கொடுத்தவளே அவள்தானே. "சரிக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த மாசத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. நீங்கள் மகராசராய் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் ஒரு கோப்பை கூடுதலாகக் கொதிக்கட்டும். எந்தக் கோலத்தில், எந்த நேரத்தில் யார் வந்து நின்றாலும், நாலு பேர் நடுவில் "இவங்க எங்களவங்க" என்று சொல்ல உங்கள் வீட்டில் ஒருவர் நாக்கும் ஒரு நாளும் கூசாமல் இருக்கட்டும்.